டிஎன் வண்டியோடு பெங்களூர் வந்தாச்சு: வைத்துக்கொள்வதா, நம்பர் மாற்றுவதா, விற்பதா?

மாநில எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி தாண்டி வண்டியைக் கொண்டுவந்து அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நிறுத்திய மறுநாளே ஆலோசனைகள் ஆரம்பித்துவிடும். "முப்பது நாள்ல கேஏ நம்பர் மாத்தலைன்னா சில்க் போர்டுலயே பிடிச்சிடுவாங்க சார்" என்பார் வாட்ச்மேன். "நான் வந்து எட்டு வருஷம் ஆச்சு, இன்னும் மதுரை நம்பர்தான், யாரும் கேட்டதில்லை" என்பார் மூன்றாவது மாடி அண்ணாச்சி. அண்ணாச்சிக்கு அதிர்ஷ்டம். வாட்ச்மேன் சொல்வது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது.

அந்த 30 நாள் கதை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். வெளிமாநில வண்டி 30 நாளுக்கு மேல் கர்நாடகத்தில் இருந்தால் ஆயுள்கால வரி கட்ட வேண்டும் என்று 2014-ல் மாநில வரிச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2016-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. இப்போது பேச வேண்டியது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவைப் பற்றி. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைக்கப்பட்டால், அந்த மாநிலத்தின் பதிவு எண் வாங்க வேண்டும். இதோடு 49-வது பிரிவு, குடியிருப்பு மாறினால் 30 நாளுக்குள் புது முகவரியைத் தெரிவிக்கச் சொல்கிறது. 'முப்பது' என்ற எண் ஜனங்கள் மனதில் ஒட்டிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். முகவரி தெரிவிப்பது வேறு, வரி கட்டுவது வேறு.

ஆக, ஒரு வருஷம் கையில் இருக்கிறது. அந்த ஒரு வருஷத்துக்குள் எந்த வழியில் போவது என்பதுதான் கேள்வி. லைசென்ஸைப் பற்றிக் கவலையே வேண்டாம். தமிழ்நாட்டில் எடுத்தது இந்தியா முழுக்கச் செல்லும். புகைச் சான்றிதழும் இன்சூரன்ஸும் அப்படித்தான்.

அப்படியே ஓட்டுவது

ஒரு வருஷத்துக்குள் ஊர் திரும்பிவிடுவோம், அல்லது ஆபீஸில் வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்தால் இதுதான் சரி. வேறு எதையும் யோசிக்க வேண்டாம். வண்டியில் கொஞ்சம் காகிதம் மட்டும் இருக்கட்டும்: வேலையில் சேர்ந்த கடிதத்தின் நகல், வாடகை ஒப்பந்தம், எல்லை தாண்டியதைக் காட்டும் ஃபாஸ்டேக் கணக்கு.

வழியில் நிறுத்துகிறவர் யார் என்பதையும் கவனியுங்கள். டிராஃபிக் போலீஸ் ஹெல்மெட், சிக்னல், பார்க்கிங் விவகாரங்களைப் பார்ப்பவர்கள். ஆயுள்கால வரி கேட்பது போக்குவரத்துத் துறையின் வேலை. வரி பாக்கி என்று வண்டியைப் பிடித்து வைக்கும் அதிகாரமும் அந்தத் துறைக்குத்தான். அவர்கள் கண்ணில் முதலில் படுவது புதுச்சேரி நம்பர் போட்ட விலை உயர்ந்த கார்கள். டிஎன் நம்பர் போட்ட சின்ன கார் அந்த வரிசையில் பின்னால்தான் வரும். ஆனாலும் "எஷ்டு தின ஆய்து?" (எத்தனை நாள் ஆச்சு?) என்று கன்னடத்தில் கேட்டால் பதற்றமில்லாமல் பதில் சொல்ல மேலே சொன்ன காகிதங்கள் போதும்.

ஒரு சங்கடம் என்னவென்றால், ஒரு வருஷம் முடிந்த மறுநாள் அதே வாடகை ஒப்பந்தம் உங்களுக்கு எதிரான சாட்சி. மாதம் ஒரு முறை ஊருக்குப் போய் வந்தால் கணக்கு மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்று ஒரு வாதம் உலவுகிறது. கோர்ட்டில் வக்கீல் வைத்துப் பேசுவதற்கு அது நல்ல வாதமாக இருக்கலாம். ரோட்டோரத்தில், பின் சீட்டில் குழந்தை அழுதுகொண்டிருக்கும்போது அது எடுபடாது.

ஒசூர் வழி ஒன்றும் உண்டு. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, வீடு ஒசூரில் என்றால் வண்டி வழக்கமாக நிற்கும் இடம் தமிழ்நாடுதான். டிஎன் 70-ஓ உங்கள் ஊர் நம்பரோ, தாராளமாக ஓட்டலாம். அத்திப்பள்ளி டோலும் மேம்பாலச் சாலை டோலும்தான் செலவு. ஆனால் பிடிஎம் லேஅவுட்டில் குடியிருந்துகொண்டு ஒசூர் சித்தப்பா வீட்டு முகவரியைக் காட்டலாம் என்ற யோசனை வேண்டாம். கேஸ் இணைப்பு, பள்ளிக்கூட அட்மிஷன் என்று எல்லாமே பெங்களூரில் இருக்கும்போது அது நிற்காது.

என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி கேஏ நம்பர் போடுவது

பெரும்பாலானவர்கள் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். முதலில் பணம்.

கர்நாடகத்தில் காருக்கான ஆயுள்கால வரி விலைக்கு ஏற்ப மாறும். 5 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சம் வரை 14, 20 லட்சம் வரை 17, அதற்கு மேல் 18. இதன் மேல் செஸ் (வரியின் மீது போடும் கூடுதல் வரி) தனி. பழைய வண்டிக்கு வயதுக்கேற்பக் கழிவு உண்டு. இரண்டு வயதுக்குள் என்றால் அந்த வரியில் 93 சதவீதம் கட்ட வேண்டும். ஐந்து முடிந்து ஆறுக்குள் என்றால் 69. ஒன்பது முடிந்து பத்துக்குள் என்றால் 49. கணக்குப் போடுவது வண்டியின் இன்றைய மதிப்பில் இல்லை, நீங்கள் அன்றைக்கு வாங்கிய விலையில். இதைப் பலர் கவனிப்பதில்லை. ஷோரூம் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

9 லட்சத்துக்கு வாங்கிய கார் என்று வைத்துக்கொள்வோம். 14 சதவீதம் என்றால் 1,26,000. வண்டிக்கு ஐந்தரை வயது என்றால் அதில் 69 சதவீதம், 86,940 ரூபாய். செஸ்ஸையும் சேர்த்தால் லட்சத்தை நெருங்கிவிடும். அதே வண்டிக்கு ஒன்றரை வயது என்றால் 1,17,180, ஒன்பதரை வயது என்றால் 61,740, இவற்றுக்கும் செஸ் தனி.

மேலோட்டமாகப் பார்த்தால் பழைய வண்டிக்காரருக்கு லாபம் போலத் தோன்றும். மீதி இருக்கும் வருஷத்தால் வகுத்துப் பாருங்கள், கதை மாறும். தனியார் காருக்குப் பதிவு 15 ஆண்டு. ஒன்றரை வயது வண்டிக்குப் பதின்மூன்றரை வருஷம் பாக்கி; செஸ் போக வருஷத்துக்குச் சுமார் 8,700 விழுகிறது. ஒன்பதரை வயது வண்டிக்கு ஐந்தரை வருஷம்தான் பாக்கி. வருஷத்துக்கு 11,000-த்தைத் தாண்டுகிறது. வண்டியின் ஆயுள் குறையும் வேகத்தில் வரி குறைவதில்லை. புது வண்டியை மாற்று, பழைய வண்டியை யோசி என்று நான் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

தமிழ்நாட்டில் ஏற்கெனவே கட்டிய வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். வண்டி எவ்வளவு புதிதோ அவ்வளவு அதிகம். 2023 நவம்பருக்குப் பிறகு வாங்கியவர்களுக்கு இது கணிசமான தொகை. அப்போதுதான் தமிழ்நாடு கார் வரியை விலைக்கேற்ப 12 முதல் 20 சதவீதம் வரை என்று உயர்த்தியது. அதற்கு முன் 10 லட்சம் வரை 10 சதவீதமும் அதற்கு மேல் 15-ம்தான். ஆனால் இந்தப் பணம் தானாக வராது. கர்நாடகத்தில் வரி கட்டி, புது ஆர்சி வாங்கி, அதன் நகலோடு பழைய ஆர்டிஓவில் விண்ணப்பிக்க வேண்டும். அதாவது இங்கே கையிலிருந்து முழுத் தொகையும் போன பிறகுதான் அங்கே கேட்கவே முடியும். ரீஃபண்ட் வந்துவிடும் என்று நம்பி இந்த மாசத்து இஎம்ஐயைத் திட்டமிடாதீர்கள். வரும்போது வரட்டும்.

அடுத்தது அலைச்சல். பழைய ஆர்டிஓவில் படிவம் 28 கொடுத்து என்ஓசி வாங்க வேண்டும். விண்ணப்பம் பரிவாகன் என்ற மத்திய அரசின் போக்குவரத்துத் தளத்தில் தொடங்கும். ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாம் நடப்பில் இருக்க வேண்டும்; எங்கோ எப்போதோ விழுந்த ஈ-சலான் பாக்கி இருந்தால் அங்கேயே முட்டும். காரின் மேல் லோன் இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதம் வேண்டும். வண்டி திருட்டு வழக்கு எதிலும் இல்லை என்பதற்கான போலீஸ் ஆவணப் பிரிவுச் சான்றையும் கேட்பார்கள்.

அப்புறம் சேஸிஸ் பிரிண்ட், அதாவது வண்டியின் உடலில் பொறித்த அடையாள எண்ணின் நகல். பானெட்டைத் திறந்து, எண் பொறித்த இடத்தில் இருக்கும் தூசியையும் கிரீஸையும் துணியால் துடைத்துவிட்டு, மெல்லிய தாளை அதன் மேல் ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வரும். அழுத்தித் தேய்த்தால் தாள் கிழியும், மெதுவாகத் தேய்த்தால் எட்டும் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். சில மாடல்களில் அந்த எண் முன் சீட்டுக்குக் கீழே, கார்பெட்டுக்கு அடியில் இருக்கும். கூடுதலாக இரண்டு பிரிண்ட் எடுத்து வையுங்கள், இரண்டு ஆபீஸிலும் கேட்பார்கள்.

விண்ணப்பம் கொடுத்து 30 நாளுக்குள் என்ஓசி கொடுக்கவோ மறுக்கவோ வேண்டும் என்று 48-வது பிரிவு சொல்கிறது. பதிலே வராவிட்டால் கொடுத்ததாகவே கருதப்படும் என்றும் அதிலேயே இருக்கிறது. கவுண்டரில் போய் இதைச் சொல்லிச் சண்டை போட வேண்டியதில்லை. பிரிவு எண் தெரிந்தவர் என்று முகத்தில் தெரிந்தாலே கொஞ்சம் மரியாதை கிடைக்கும்.

என்ஓசி எந்த ஆர்டிஓ பெயருக்கு என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் வீடு எந்த எல்லைக்குள் வருகிறதோ அதுதான்: கோரமங்கலா கேஏ 01, இந்திராநகர் 03, ஜெயநகர் 05, எலக்ட்ரானிக் சிட்டி 51, கே.ஆர்.புரம் 53. அடுத்த மாதம் வீடு மாறப் போகிறீர்கள் என்றால் மாறிய பிறகு விண்ணப்பியுங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று என்ஓசியை முன்கூட்டியே வாங்கி வைப்பதும் வேண்டாம். அது கைக்கு வந்தபின் மனசு மாறி ஊரிலேயே விற்க நினைத்தால், முதலில் அதை ரத்து செய்ய அலைய வேண்டியிருக்கும்.

பெங்களூர் பக்கம் படிவம் 27, வாடகை ஒப்பந்தம், என்ஓசி எல்லாவற்றோடும் வண்டியையும் நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். நம்மூரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்கிறோமே, அவர்தான் இங்கேயும் வந்து பார்ப்பார். ஊரில் பிடித்துப் போட்ட கறுப்பு ஃபிலிம், கூடுதல் பம்பர் இதையெல்லாம் கழற்றிவிட்டுப் போவது நல்லது. பிறகு வரி, புது எண், அதற்கேற்ற உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட், ஆர்சி கார்டு.

ஏஜென்ட் வைக்கலாமா? ஊர்ப் பக்க வேலைக்கு வைக்கலாம் என்பேன். ஒரு என்ஓசிக்காகத் திருநெல்வேலிக்கு லீவு போட்டுப் போய் வரும் செலவைவிட அது குறைவாகவே வரும். இங்கே வரிப் பணத்தை மட்டும் அவர் கையில் கொடுக்காதீர்கள். அரசுத் தளத்தில் நீங்களே கட்டி ரசீதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலேயே விற்றுவிட்டு இங்கே வாங்குவது

"எதுக்கு இந்தத் தலைவலி, வித்துட்டு அங்க போய் ஒண்ணு பாத்துக்கோ மாப்ள" என்று கோயம்புத்தூர் மாமா சொல்லுவார். எட்டு வயதைத் தாண்டிய காருக்கு மாமா சொல்வது சரி. விற்பதென்றால் ஊரில் விற்க வேண்டும். பெங்களூரில் டிஎன் வண்டியைக் கேட்பவர், தான் கட்டப்போகும் ஆயுள்கால வரியையும் அலைச்சலையும் கழித்துக்கொண்டுதான் விலை பேசுவார்.

இதில் வரி மிச்சம் என்று நினைத்தால் அது கண்கட்டு. இங்கே செகண்ட் ஹேண்டில் நிற்கும் கேஏ வண்டியின் விலைக்குள் முதல் ஓனர் கட்டிய வரி ஒளிந்திருக்கிறது. ஊரில் விற்ற அதே மாடலை, அதே வருஷத்து வண்டியை இங்கே வாங்கினால் அந்த வித்தியாசத்தை வேறு பெயரில் கொடுத்திருப்பீர்கள். மிச்சமாவது அலைச்சல் மட்டும். அதற்குப் பதிலாக, எந்த பிரேக் எப்போது மாற்றியது, எந்தச் சத்தம் மழைக்காலத்தில் மட்டும் வரும் என்று தெரிந்த ஒரு வண்டியைக் கொடுத்துவிட்டு, தெரியாத ஒன்றை வாங்குகிறீர்கள். அதற்கும் ஒரு விலை உண்டு. ஐந்திலிருந்து எட்டு வயதுக்குள் இருக்கும் கார்களுக்கு முடிவு இங்கேதான் தடுமாறும். நன்றாகப் பராமரித்த வண்டி, நான்கைந்து வருஷமாவது பெங்களூர் என்றால் மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே கிளட்ச் போகப் போகிறது என்றால் விற்றுவிடுங்கள்.

விற்கும்போது படிவம் 29, 30 போட்டு வாங்கியவர் பெயருக்கு மாறும்வரை விடாதீர்கள். வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு பெங்களூர் பஸ் ஏறினால், அந்த வண்டி எங்கே இடித்தாலும் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான். கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்காக இன்சூரன்ஸில் சேர்ந்த நோ கிளெய்ம் போனஸ் என்ற தள்ளுபடி வண்டிக்கு உரியது இல்லை, உங்களுக்கு உரியது. 50 சதவீதம் வரை இருக்கும். விற்றதும் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அதற்குக் கடிதம் வாங்கி, அடுத்த காரில் பயன்படுத்திக்கொள்ளலாம். இதை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். இங்கே வாங்கும் வண்டியின் எண்ணை பெங்களூர் டிராஃபிக் போலீஸ் தளத்தில் போட்டுப் பாருங்கள். பழைய ஓனர் சிக்னலில் சேர்த்து வைத்த அபராதமெல்லாம் வரிசையாக வரும். அதைக் கட்டச் சொல்லிவிட்டுப் பேரம் பேசுங்கள்.

பிஎச் வரிசை

மாநிலம் மாறினாலும் நம்பர் மாற்றத் தேவையில்லாத பாரத் வரிசைப் பதிவு எண் இது; 2021 செப்டம்பரில் வந்தது. ராணுவத்தினர், மத்திய, மாநில அரசு மற்றும் பொதுத்துறை ஊழியர்கள், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் கம்பெனி ஊழியர்கள் ஆகியோருக்குக் கிடைக்கும். தனியார் ஊழியர்களுக்குத் தர கர்நாடகம் ஆரம்பத்தில் மறுத்து, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. வரி 8, 10, 12 சதவீதம் என்ற அளவுகளில், ஜிஎஸ்டி நீங்கிய விலைக்கு, இரண்டிரண்டு வருஷமாகக் கட்ட வேண்டும். டீசலுக்கு 2 சதவீதம் கூட, மின்சார வண்டிக்கு 2 சதவீதம் குறைவு. ஏற்கெனவே பதிவான வண்டியையும் இதற்கு மாற்றலாம் என்று 2022 டிசம்பரில் விதியைத் திருத்தினார்கள்.

பெங்களூர் இரண்டு வருஷம், அப்புறம் புனே, அப்புறம் குர்கான் என்று ஓடும் வங்கி அதிகாரிக்கோ விமானப்படைக்காரருக்கோ இதைவிட நல்லது கிடையாது. ஒயிட்ஃபீல்டில் ஃபிளாட் வாங்கி உட்கார்ந்துவிட்டவருக்கு இது தேவையே இல்லை. தவணையை மறந்தால் நாள் கணக்கில் அபராதம் ஏறும். விற்கும்போதும் தகுதி இல்லாதவர் வாங்கினால் அவர் மாநில எண்ணுக்கு மாற்றி வரி கட்ட வேண்டும். ஆகவே அங்கேயும் பேரத்தில் அடி விழும்.

பைக்

சட்டம் அதேதான், தொகைதான் சின்னது. 50,000 வரை 10 சதவீதம், லட்சம் வரை 12, அதற்கு மேல் 18. 80,000 ரூபாய் ஸ்கூட்டருக்கு ஐந்தரை வயதில் கட்ட வேண்டியது செஸ் போக 6,624. புல்லட்காரர்களுக்குத்தான் அந்த 18 கடிக்கும். பழைய ஸ்கூட்டராக இருந்தால் ஊரில் தம்பிக்குக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். ரயில் பார்சல், பேக்கிங், என்ஓசி என்று அதற்குச் செலவழிப்பதற்கு இங்கேயே ஒன்று வாங்கிவிடலாம்.

காரையே ஊரில் விட்டுவிட்டு வருவதையும் ஒரு வழியாக எண்ணிப் பார்க்கலாம். மெட்ரோவின் ஊதா வழித்தடம் ஒயிட்ஃபீல்டிலிருந்து சல்லகட்டா வரை ஓடுகிறது. 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தடம் வந்த பிறகு ஆர்.வி. ரோட்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா வரை மெட்ரோவிலேயே போய்விடலாம். கோவைக்கும் மதுரைக்கும் வந்தே பாரத் இருக்கிறது. ஆபீஸும் வீடும் ஸ்டேஷன் பக்கம் என்றால் முதல் ஆறு மாதம் கார் இல்லாமல் இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். ஊரில் நிற்கும் வண்டியை அப்பாவோ பக்கத்து வீட்டுத் தம்பியோ வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து ஓட்ட வேண்டும். சும்மா நின்றால் பேட்டரியும் போகும், வயரை எலியும் கடிக்கும்.

நம்பர் மாற்றுவது என்று முடிவு செய்தவர்கள் புது ஆர்சி வந்ததும் இரண்டு வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. ஒன்று இன்சூரன்ஸ்: பாலிசியில் புது எண்ணும் முகவரியும் ஏற வேண்டும், இல்லாவிட்டால் கிளெய்ம் நேரத்தில் வீண் பேச்சு. பெங்களூர், சென்னை போன்ற எட்டு நகரங்கள் ஏ மண்டலம், மற்றவை பி மண்டலம் என்பதால், மதுரை, திருச்சி வண்டிகளுக்குச் சொந்தச் சேதப் பிரீமியம் கொஞ்சம் கூடும். சென்னை வண்டிக்கு வித்தியாசம் இல்லை. இன்னொன்று ஃபாஸ்டேக். கண்ணாடியில் ஒட்டியிருப்பது பழைய எண்ணோடு இணைந்தது. அதை மூடிவிட்டுப் புது எண்ணில் வாங்குங்கள். அடுத்த முறை ஊருக்குக் கிளம்புவதற்கு முன் இதை முடித்துவிட்டால், வெள்ளிக்கிழமை ராத்திரி அத்திப்பள்ளி டோலில் பின்னால் நிற்கிறவர்களின் ஹாரனைக் கேட்க வேண்டியிருக்காது.